தொள்ளாயிரத்து முப்பது கிராம் கூரை

ஆவாரங்குளத்தில் வானத்திலிருந்து மழை பெய்வது நின்று நாலு வருஷம் முடிந்து, ஐந்தாவது வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடையில் எடை போடும் சண்முகக்கனி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் தலையைச் சாய்த்தபோது அவள் வீட்டுக்குள் மழை பெய்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கூரையில் ஓட்டை ஒடிசல் எதுவும் கிடையாது. சுண்ணாம்பு அடித்த காங்கிரீட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஐப்பசி மழை மாதிரி சடசடவென்று கொட்டி, அரிசிப் பானையை நிரப்பி, பாயை மிதக்கவிட்டு, அவள் முழித்ததும் குழாயை மூடின மாதிரி நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தவள் முதலில் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்தாள். அந்த ஊர்க்காரி வேறென்ன செய்வாள்!

ஏன் பெய்தது என்று யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பூசாரி அம்மனின் பேரைச் சொன்னார், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஈரப்பதம் என்று ஏதோ சொன்னார், ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு காரணம் தேடுகிற வேலை முடிந்தது. கல்யாணமான ஆறாம் மாதம் சூரத்துக்குப் போன அவள் புருஷன் போனவன் போனவன்தான், பிள்ளை குட்டியும் இல்லை, நாற்பத்தாறு வயது வரைக்கும் ஊர் அவளைத் தராசுக்குப் பக்கத்தில் மட்டும்தான் பார்த்திருந்தது. இப்போது ஊரே அவள் தூங்குவதைப் பார்க்க வந்து உட்கார்ந்தது.

ஒரே மாதத்தில் எல்லா விவரமும் சின்னப் பிள்ளைக்குக்கூட அத்துபடி ஆகிவிட்டது. அவள் தூங்கினால்தான் பெய்யும், கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்தால் பெய்யாது. திறந்த முற்றத்தில் தூங்கினால் ஒரு சொட்டு கிடையாது. தலைக்கு மேலே பக்கத்தில் எது இருக்கிறதோ அதிலிருந்து பெய்யும், அது எவ்வளவு கனமோ அவ்வளவு மழை. ஓலைக் குடிசையில் படுத்தால் தூறல், தகரத்தின் கீழே சாரல், மச்சு வீட்டில் அடைமழை. ஐயோ பாவம் என்று ஒருத்தி அவள் தலைக்கு மேலே குடை பிடித்துப் பார்த்தாள். மழை குடைக்குள்ளே பெய்தது, அதுவும் குடையின் கனத்துக்கு ஒரு கரண்டி. அன்றிலிருந்து சண்முகக்கனிக்குக் குடை பிடிக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது. சனங்கள் தங்கள் கூரை மேல் மணல் மூட்டை ஏற்றினார்கள், அம்மிக் கல்லை ஏற்றினார்கள், ஓடாத டிராக்டரின் டயரை ஏற்றினார்கள். தெற்குத் தெருவில் ஒரு ஓலைக் குடிசை ஆட்டுரல் தாங்காமல் உட்கார்ந்தே போயிற்று, நல்லவேளை ஆள் உள்ளே இல்லை.

ஆவாரங்குளம் காலங்காலமாகக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சின ஊர். இன்றைக்கு இன்னார் வயலுக்கு, இத்தனை நேரத்துக்கு, அதற்கு மேல் ஒரு நிமிஷம் மடை திறந்திருந்தால் வெட்டுக்குத்துதான். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நீர்ப்பாய்ச்சி உண்டு. அவர் பேர் வெயிலுமுத்து. குளம் வறண்டு நாலு வருஷமாக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடந்து கிடந்த மனுஷன், வஞ்சகம் இல்லாதவர், யாருக்கும் ஒரு கைத் தண்ணீர் கூடவோ குறையவோ விட்டதில்லை. ஊர் கூடிப் பேசினபோது, குளத்துக்கு என்ன முறையோ அதே முறை சண்முகக்கனிக்கும் என்று ஒரே பேச்சில் முடிந்தது. எழுபத்திரண்டு வீடு, பகல் தூக்கம் ஒரு வீட்டில், ராத்தூக்கம் ஒரு வீட்டில். வெயிலுமுத்து வந்து கூட்டிக்கொண்டு போவார், படுக்க வைப்பார், வாசலில் உட்காருவார், குடமும் அண்டாவும் சிமெண்டுத் தொட்டியும் நிறைந்ததும் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவார்.

சும்மா சொல்லக் கூடாது, அவளை ஊர் அப்படித் தாங்கிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கென்று ஒரு துண்டு, தேய்த்து மடித்த ஒரு நைட்டி, ஒரு தைல டப்பி. முழித்ததும் சுக்குத்தண்ணி, தலை துவட்ட இரண்டு பேர். ரேஷன் கடையில் அவள் வேலையை வேறு ஆள் பார்த்துக்கொண்டான். அம்மன் கோயில் கொடை விழாவில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தூர்க்காரன் எவனாவது அவளைப் பற்றிக் கோணலாகப் பேசினால் பல்லைக் கழற்ற நாலு பேர். இத்தனைக்கும் நடுவே தண்ணீர் லாரி வருவது நின்றது. ஆவாரங்குளமா, அங்கேதான் தொட்டி நிறையக் கிடக்கே என்று ஆபீசில் கை விரித்தார்கள். போட வேண்டிய குழாயை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். ஊரிலும் யாரும் கேட்கவில்லை. காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்த பெண்கள் எல்லாம் அந்தப் பழக்கத்தையே மறந்து, நம்ம சண்முகக்கனி இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அந்தப் பெண்பிள்ளை காய்ந்த தலையணையில் தலை வைக்கவில்லை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, தலைமுடியில் பூசணவாடை ஏறி, கனவில்கூடத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வராமல், ஒவ்வொரு தூக்கத்திலும் யாரோ கிணற்றில் பிடித்து அமுக்குகிற மாதிரித் திணறித் திணறி முழித்தாள். முதலில் தும்மல், அப்புறம் இருமல், அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா குழாயை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஈரத்துல படுக்காதீங்கம்மா. இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா என்கிட்ட வர வேண்டிய தேவை இருக்காது" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சண்முகக்கனி அழுதாள். சாக பயமாக இருந்தது. அதைவிட, ஈரத்திலேயே சாகப் போகிறோமே என்று ஆத்திரமாக இருந்தது.

வெயிலுமுத்துவிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் முற்றத்துல படுத்துக்கிடுதேன். நெஞ்சு அடைக்கி."

"ஒரு வாரமா? பதினாலு வீடு காஞ்சிரும் தாயி."

"டாக்டரம்மா பயங்காட்டுதாக அண்ணாச்சி."

"அவுக அப்படித்தான் சொல்லுவாக. சுக்குல கொஞ்சம் மிளகு கூடப் போடச் சொல்லுதேன்."

"ஊருக்கெல்லாம் முறை வைக்கீகள்லா, எனக்குன்னு ஒரு முறை கிடையாதா?"

வெயிலுமுத்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். யோசித்துப் பார்த்தார். ஒரு பொல்லாப்பும் மனசில் இல்லாமல் சொன்னார்: "நீ மடை தாயி. மடைக்கு எங்கயாவது முறை உண்டா?"

அன்றைக்குச் சாயங்காலம் துணிந்து தன் வீட்டு முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தாள். அரை மணி நேரம்தான், முகத்தில் தண்ணீர் அறைந்து முழித்தால் யாரோ ஒருத்தர் வீட்டு மச்சுக்குக் கீழே கிடக்கிறாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், தூக்கம் கலையாமல் அவ்வளவு பதமாக. இப்படி நாலு தடவை நடந்தது. நாலு தடவையும் தலை துவட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள்.

அதற்கு மேல்தான் அவளுக்குப் பொத்தை ஞாபகம் வந்தது. ஊருக்கு மேற்கே இரண்டு மைலில் ஒரு கரட்டு மலை, வெள்ளாடு மேய்க்கிறவர்கள்கூட அபூர்வமாகத்தான் ஏறுவார்கள், உச்சியில் ஒரு கைத் தண்ணீர் கிடக்கும் சுனை ஒன்று உண்டு. அங்கே போனால் யார் வந்து கட்டிலைத் தூக்குவது? ஆனால் மார்கழி மாதம். வெட்டவெளியில் படுத்தால் விடிவதற்குள் பனி நனைத்துவிடும், அந்த நெஞ்சுக்கு மழையும் பனியும் ஒன்றுதான். மேலே ஏதாவது வேண்டும். இருக்கிறதிலேயே கனமில்லாத ஏதாவது.

எடை போடுகிறவள் அல்லவா, எடை போட்டே யோசித்தாள். ரேஷன் அரிசியைப் பையில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு தூக்கத்துக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் குளத்துக் கரைமேல் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஐந்து கிலோவில் கண் இருட்டிற்று. நாலு கிலோவில் விசில் பலமாக அடித்தது. மூன்று கிலோ என்றால் நின்று நின்று ஏறிவிடலாம். ஆக, வீடு, படுக்கை, போர்வை, தின்ன, குடிக்க எல்லாமாகச் சேர்த்து மூன்று கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் பாதி மலையில் விழுந்து கிடக்க வேண்டியதுதான்.

நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வெயிலுமுத்துவிடம் பொய் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸுக்கும் கூரை உண்டே என்று தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழித்தபடியே போய்ச் சேர்ந்தாள். மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று மாடியில் இருந்தது. ஜெபசிங் என்ற வாட்டசாட்டமான ஆள் உட்கார்ந்திருந்தான், காடு மேடெல்லாம் சுற்றிவிட்டு முட்டி தேய்ந்த பிறகு கடை வைத்தவன்.

"எத்தன பேருக்கு யக்கா?"

"ஒருத்திக்கு."

"தனியாவா போறீய?" என்று ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். "சரி, போங்க. தனியா படுக்கிற சுகமே வேற."

மூன்று கூடாரங்களை உறையோடு எடுத்து வைத்தான். அவள் ஒன்றைக் கையில் தூக்கினாள். "ரெண்டு கிலோ எண்ணூத்தம்பது." அடுத்தது. "ஒண்ணு எண்ணூறு." கடைசி உறையைத் தூக்கும்போது கை கொஞ்சம் மேலே போய்விட்டது. "இது தொள்ளாயிரத்து முப்பது. கிலோ கூட இல்ல." ஜெபசிங் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"வாங்க வர்றவுக எல்லாம் கனமா, கெட்டியா வேணும்பாவ. நீங்க லேசா கேக்கிய."

"உள்ள கொஞ்சம் தூங்கிப் பாக்கலாமா தம்பி?"

"படுத்துப் பாக்காம வாங்கவே கூடாதுக்கா. என்ன, இதுவரைக்கும் யாரும் நெசமாவே தூங்குனது கிடையாது."

மொட்டை மாடியில் மூன்றையும் கட்டி நிறுத்தினான். முதல் கூடாரத்துக்குள் போன சண்முகக்கனி காலை நீட்டினதும் தூங்கிவிட்டாள். பத்து நிமிஷத்தில் வாசல் ஜிப்புக்கு வெளியே தண்ணீர் ஓடி வந்ததைப் பார்த்து ஜெபசிங் பதறி, தையல் விட்டுப்போச்சோ என்று வானத்தைப் பார்த்தான். வானம் சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. நனைந்த கோழியாக வெளியே வந்தவள், மறைத்து என்ன ஆகப் போகிறது என்று இரண்டு வருஷக் கதையையும் அங்கேயே உட்கார்ந்து சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டு மோவாயைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அப்ப உங்களுக்கு ரெட்டைத் துணி வச்சது சரிப்படாதுக்கா. ஒத்தைத் துணிதான்."

இரண்டாவதிலும் படுத்துப் பார்த்தாள், தலை குளித்த ஈரம் அளவுக்கு நனைந்தது. மூன்றாவது, ஆரஞ்சு நிறத்தில் வெங்காயத்தோல் மாதிரி ஒரு துணி, இரண்டே கம்பி. அதற்குள் முக்கால் மணி நேரம் தூங்கி எழுந்து, கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டே கையால் முகத்தைத் தடவினாள். முகம் காய்ந்திருந்தது. தலைக்கு மேலே துணியில் மட்டும் வியர்த்த மாதிரிப் பொடிப்பொடியாக நாலைந்து முத்து.

"அது மழையே இல்லக்கா," என்றான் ஜெபசிங். "ஒத்தைத் துணில எவன் படுத்தாலும் அவன் மூச்சுக்காத்து பட்டு அவ்வளவு தண்ணி நிக்கத்தான் செய்யும். ராசாவா இருந்தாலும் துண்டால தொடச்சுக்கிட வேண்டியதுதான்."

எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவன் சொன்னதைக் கேட்டு அவளுக்கு ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

வேறு நிறம் உண்டா என்று கேட்டாள், பாறை நிறமோ மண் நிறமோ. இந்த எடையில் ஆரஞ்சு மட்டும்தான் வருகிறதாம், தொலைந்துபோனால் தேடுகிறவர்கள் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று கம்பெனிக்காரன் அந்த நிறத்தில் செய்கிறானாம். சரி என்று விட்டாள். ஊதுகிற பாய் நானூறு கிராம், தரைக்குளிர் ஏறாது. பிறகு தூங்கும் பையில் வந்து சிக்கிற்று.

"ரெண்டு தினுசு இருக்கு. வாத்து இறகு வச்சது அறுநூத்து நாப்பது, கதகதன்னு இருக்கும், ஆனா நனைஞ்சா போச்சு, பிசினா ஒட்டிக்கிட்டுச் சூடே தராது. செயற்கைப் பஞ்சு வச்சது ஆயிரத்து நூறு, நனைஞ்சாலும் தாங்கும். உங்க கதைக்குப் பஞ்சுதான் சரி."

"அது நானூத்து அறுபது கிராம் கூடவே. தண்ணிய விடணும், இல்லாட்டா அவல விடணும்."

"யோசிங்க. மேல போயி நனைஞ்சு குளிர்ல வெறைச்சா காப்பாத்த ஆள் கிடையாது."

இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பஞ்சை எடுத்தால் இனியும் நனைவோம் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பஞ்சைக் கீழே வைத்தாள். "இனி நனையக் கூடாதுன்னுதானே தம்பி இத வாங்குதேன்," என்று இறகுப் பையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, பகல் முறை முடிந்து எழுப்பிவிட்டவர்களிடம் சுக்குத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, ரேஷன் கடைச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்ததை முதுகில் மாட்டினாள். அரை லிட்டர் தண்ணீர், நானூறு கிராம் அவல், மாத்திரை அட்டை, ஒரு துண்டு, எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்கு ஒரு பிடி குறைவு. நின்று நின்று, கல்லைப் பிடித்து, இருமித் துப்பி, பொழுது இறங்குவதற்குள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். கம்பியை நட்டுத் துணியை இழுத்துக் கட்டி உள்ளே போய் ஜிப்பை இழுத்தாள். மறுநாள் உச்சி வெயிலில்தான் முழித்தாள்.

தலையைத் தொட்டாள். முடி சரசரவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தால் வெறும் முடி வாசம். வாய்விட்டு ஓவென்று அழுதாள், சுற்றிலும் கேட்க ஒரு காக்கா குருவிகூட இல்லை என்ற தைரியத்தில். அவலைத் தின்றாள், சுனையில் ஒரு கை அள்ளிக் குடித்தாள், மறுபடியும் உள்ளே போய்த் தூங்கினாள். தூக்கம் வருவதற்கு முன்னால் மட்டும் முறை மனப்பாடமாக ஓடிற்று, இன்றைக்கு ராத்திரி யார், நாளைப் பகல் யார் என்று. மூன்றாம் நாள் முறை மாடத்தியுடையது. ரெட்டைப் பிள்ளை பெற்று நாற்பது நாள்தான் ஆகிறது அவளுக்கு. பச்சை உடம்புக்காரி, துணி அலசக்கூடத் தண்ணீர் இருக்காது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் வரவில்லை, அதுதான் உண்மை.

ஊரில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள், இரண்டு பெண்கள் மயக்கம் போட்டு விழுந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் குளத்துக் கரையில் நின்றவன் ஒருத்தன் பொத்தை உச்சியைக் காட்டி, அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிகிறதே என்றான்.

மூன்றாம் நாள் காலையில் சண்முகக்கனி முழித்தபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாள். துணி வழியாக வெளிச்சம் ஆரஞ்சாக அடித்தது, நாலு மூலையிலும் ஆள் நிழல். கூடாரத்தோடு, பாயோடு, பையோடு அப்படியே தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். "மெல்ல, மெல்ல, முழிச்சிரப் போறா," என்றது வெயிலுமுத்துவின் குரல். "இம்புட்டு லேசாவா இருக்கு! மதினிக்கு உடம்புல கனமே இல்லியே," என்றது வேறொரு குரல். கத்தலாமா என்று நினைத்தாள். கத்தி யாரைக் கூப்பிட? கூப்பிட்டால் ஓடி வருகிற சனமே இதுதானே.

சமுதாயக்கூடத்தில் கொண்டு இறக்கினார்கள். ஊரிலேயே கனமான கூரை அது, அதன் மேல் அறுபது மணல் மூட்டை வேறு. சுவரோரமாக எழுபத்திரண்டு வீட்டுக் குடமும் அண்டாவும் வரிசையாக இருந்தன. கம்பியைப் பிடுங்கி, துணியை உருவி, ஒரு ஓரமாகச் சுருட்டி வைத்தார்கள், கிழித்துவிடாமல் கவனமாக. சண்முகக்கனி கண்ணைத் திறந்து அத்தனை பேரையும் பார்த்தாள்.

"முழிச்சிட்டா," என்றாள் ஒருத்தி, திருடிய இடத்தில் பிடிபட்ட மாதிரி.

"நான் தூங்க மாட்டேன்," என்றாள் சண்முகக்கனி. எழுந்து ஓடத்தான் நினைத்தாள், அந்த நெஞ்சோடு மலை ஏறின கால் இரண்டும் துவண்டு கிடந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்தக் கண் இரண்டும்தான்.

யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. கூட்டத்திலிருந்து மாடத்தி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, சண்முகக்கனியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தூங்கு சித்தி. கொஞ்ச நேரம்தான்," என்று நெற்றியை நீவினாள். நாற்பது நாளாகப் பாடிப் பழகின வாய், தன்னாலே ஆராரோ என்று ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும். பிள்ளை பெற்றவள், பெறாதவள், ஆம்பிளைகள், எல்லாருமாக அந்தக் கூடம் நிறையத் தாலாட்டுப் பாடினார்கள். அவ்வளவு பிரியமாக, அவ்வளவு இனிமையாக, ஒருத்தி காலைப் பிடித்துவிட, ஒருத்தி விசிறிவிட. சண்முகக்கனி உதட்டைக் கடித்தாள், நாக்கைக் கடித்தாள், தொடையைக் கிள்ளினாள். இரண்டு வருஷத் தூக்கம் இரண்டு நாளிலா தீரும்? இமை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை அரிசி கனத்தது. செத்துப்போவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்தப் பாட்டுக்குள்ளேயே, இந்த மடியிலேயே.

பாட்டு என்றால் மூச்சு வாங்க ஓரிடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அந்த இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, உள்ளுக்குள்ளே கிழிகிற மாதிரி ஒரு விசில், அதன் அடியில் கொரகொரவென்று ஒரு இழுப்பு. மறுபடி பாடினார்கள், மறுபடி நின்றார்கள், மறுபடி கேட்டது. மாடத்தியின் கை நெற்றியில் அப்படியே நின்றுவிட்டது.

"இது சளி கட்டுன சத்தம்லா," என்றாள். "எம் புள்ளைல ஒண்ணுக்கு இப்படித்தான் இழுத்துச்சு. மூணு நாளு மடிய விட்டு இறக்கல. ஈரத்துணியக் கிட்டக்கூட அண்ட விடல நானு."

தலையை மெதுவாகப் பாயில் இறக்கி வைத்தாள். எழுந்து போய் வரிசையில் இருந்து தன் இரண்டு குடத்தையும் எடுத்தாள்.

"எங்க போற?" என்றார் வெயிலுமுத்து. "இன்னைக்கு ஒம் முறை."

"ரோட்டுக்கு."

"ரோட்டுல என்ன தண்ணியா ஓடுது?"

"ஓடலேன்னுதான் போயிச் சொல்லணும் மாமா," என்றாள் மாடத்தி. "பத்தரை பஸ்ஸு வர்ற நேரம்தான்."

பாட்டில் ஒரு குரல் குறைந்தது. பிறகு காலைப் பிடித்துவிட்டவள் எழுந்தாள். விசிறியைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவள். குடம் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம், செருப்புச் சத்தம், ஒருத்தி வாசலில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தின சத்தம். குரல் குறையக் குறைய விசில் பெரிதாகக் கேட்டது, அது பெரிதாகக் கேட்கக் கேட்க இன்னும் சில பேர் எழுந்தார்கள். போக மனமில்லாமல் முனகிக்கொண்டே எழுந்தவர்களும் உண்டு, சபித்துக்கொண்டே போனவர்களும் உண்டு. கடைசியில் வெயிலுமுத்துவின் குரல் மட்டும் மிஞ்சிற்று, சுருதியும் கிடையாது, பாட்டும் தெரியாது, வெறும் ராரோ ராரோ என்று. அப்புறம் அதுவும் நின்றது.

அந்தப் பெரிய கூடத்தில் வேறு சத்தமே இல்லை, அவள் மூச்சைத் தவிர.

"எப்ப இருந்து தாயி இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"வாசல்லதான உக்காந்திருந்தேன். ஒரு நாளும் கேக்கலியே."

"மழை பெஞ்சுச்சுல்லா அண்ணாச்சி," என்றாள் சண்முகக்கனி. "எப்படிக் கேக்கும்?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவளை வெளியே தூக்கிப் போகலாம் என்று இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துப் பார்த்தார், எழுபது வயதுக் கையால் தூக்க முடியவில்லை, அவளுக்குக் கால் ஊன்றவில்லை. கூப்பிட வாசலில் ஆள் இல்லை, எல்லாரும் ரோட்டில். தலைக்கு மேலே அறுபது மூட்டை மணலும் காங்கிரீட்டும், கீழே பாதி மூடின கண்ணோடு அவள். குடைக்குள்ளே மட்டும் பெய்த அந்த ஒரு கரண்டி மழை ஞாபகம் வந்து, ஓரமாகச் சுருட்டிக் கிடந்த ஆரஞ்சுத் துணியை ஓடிப்போய் எடுத்தார்.

மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் பிடிக்காத கை. எது தலைப்பக்கம், எது கால்பக்கம் என்று தெரியவில்லை. துணியை அவள் மேல் விரித்தார், தலைகீழாக இருந்தது, திருப்பினார், கயிறு காலில் சிக்கிற்று. கம்பியைத் தூக்கிப் பிடித்தார், துணி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அது குட்டைக் கம்பி அண்ணாச்சி," என்றது உள்ளிருந்து குழறிக்கொண்டே ஒரு குரல். "நீளமானத எடுங்க."

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்," என்று தரையெல்லாம் துழாவினார். அவள் குரல் வரவில்லை. கூரையிலிருந்து ஒரு பெரிய சொட்டு அவர் புறங்கையில் வந்து விழுந்தது.

"தாயி!" என்று அலறிக்கொண்டு கம்பியை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தார். "தூங்கிராத தாயி, கண்ணத் திற, இந்தா முடிஞ்சிரும், தூங்கிராத, எந்தாயில்லா, தூங்கிராத."